எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்: காட்டுப்பூவும் பட்டாம்பூச்சியும் பார்க்கப் புறப்படுவோருக்கு

பட்டாம்பூச்சி பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் அநேகமாக எல்லோருமே அதைத் துரத்திக்கொண்டுதான் போகிறார்கள். ஒன்று பறக்கும், பின்னாலேயே நாலு எட்டு வைப்பார்கள், அது வேலியைத் தாண்டிப் போய்விடும். அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். இதைவிட நல்ல வழி, செடிகளைத் தெரிந்துகொள்வது. பெரும்பாலான பட்டாம்பூச்சிகள் முட்டையிடுவதற்கு இன்ன செடி, இன்ன குடும்பம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அதன் புழு கண்ட இலையையும் தின்னாது. அந்தச் செடி எது என்று தெரிந்து, அதன் பக்கத்தில் பத்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும், தேடிப் போனது தானாக வந்து சேரும். அதனால் இந்தக் கட்டுரை பூவில் தொடங்கி, இலைக்குப் போய், கடைசியில்தான் சிறகுக்கு வருகிறது.

தமிழகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். சமவெளியில் ஒரு கண்மாய்க்கரையிலோ வண்டிப்பாதையிலோ அடிக்கடி கண்ணில் படுபவை இருபது, இருபத்தைந்துதான். அவற்றைப் பழகிக்கொண்டால் மற்றவை வரும்போது 'இது புதுசு' என்று உடனே தெரியும். மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. ஊர் ஏரிக்கரையில் அதைத் தேட வேண்டாம். அதுபோலவே, 2018இல் பூத்த நீலக்குறிஞ்சியை மறுபடி பார்க்க 2030 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் நெருஞ்சியும் தும்பையும் அடுத்த மழைக்கே பூத்துவிடும்.

எப்போது போவது

சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு. ஐப்பசியில் மண் நனைந்ததும் தரிசெல்லாம் துளிர்க்கிறது. தளிர் இலை வந்தால்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற கட்டங்கள் முடிந்து பூச்சி வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே நல்ல மழை பெய்து மூன்று நான்கு வாரம் கழித்துப் போவதே சிறந்தது. கார்த்திகையில் தொடங்கித் தை முடிய, பூவுக்கும் பூச்சிக்கும் அதுவே உச்சம். கோவை, தேனி, தென்காசி போன்ற மலையடிவார ஊர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் கிடைப்பதால் ஆடி, ஆவணியிலும் நிறையப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நேரம் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. பட்டாம்பூச்சிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வசதி குறைவு. காலை வெயிலில் இறக்கைகளை விரித்து வைத்துக் குளிர்காயும், சூடேறிய பிறகுதான் சரியாகப் பறக்கும். எட்டு மணிக்குப் போனால், அப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே நிதானமாகப் பார்த்துவிடலாம். பதினோரு மணிக்கு மேல் அதன் வேகத்துக்கு நம் கண் ஈடுகொடுக்காது.

பூக்களுக்கும் நேரம் உண்டு. தரையோடு படரும் விஷ்ணுகிராந்தியின் சின்னஞ்சிறு நீலப்பூ காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். துத்தியின் மஞ்சள் பூவோ பிற்பகலில்தான் விரியும். ஊமத்தை பொழுது சாயும் வேளையில் மலரும். அதனால் மாதத்துக்கு ஒருமுறையாவது மாலை நடையும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் பச்சையாகத் தெரிந்த அதே வேலி, நாலு மணிக்கு மேல் துத்திப்பூவால் மஞ்சளாகியிருக்கும்.

எங்கே போவது

நீண்ட தூரம் தேவையில்லை. ஒன்றிரண்டு கிலோமீட்டர் பாதை போதும். அதில் மூன்று சங்கதிகள் இருக்கிறதா என்று பாருங்கள்: கொஞ்சம் தண்ணீர், அதாவது ஓடையோ கண்மாயோ வாய்க்காலோ; உழாமல் கிடக்கும் ஒரு துண்டுத் தரிசு; கம்பி போடாத பழைய உயிர்வேலி. மூன்றும் ஒரே பாதையில் அமைந்தால் வேறு இடமே தேட வேண்டாம். ஒவ்வொரு வாரமும் புதுப் பாதையில் போவதைவிட, ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போவதைத்தான் நான் உறுதியாகச் சொல்வேன். எந்த வளைவில் எந்தச் செடி நிற்கிறது என்று மனப்பாடம் ஆகிவிட்டால், போன வாரம் முட்டையாகப் பார்த்ததை இந்த வாரம் புழுவாகப் பார்க்கலாம். புதுப் பாதையில் இது கிடைக்காது.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. தனியார் தோட்டமென்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வயலில் வேலை செய்பவர்களிடம் என்ன பார்க்க வந்தோம் என்று மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஆடு மேய்ப்பவர்களுக்குச் செடிப் பெயர்கள் அத்துபடி. எதை ஆடு கடிக்கும், எதை முகர்ந்துவிட்டு விலகும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை, இது மிக முக்கியமானது. நம் ஊர்த் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் ஏராளம். சுற்றிலும் செடி மண்டியிருந்தால் விளிம்பு தெரியவே தெரியாது. கண்ணைப் பூச்சியில் வைத்துக்கொண்டு காலை எடுத்து வைக்காதீர்கள். பார்ப்பதானால் நின்று பாருங்கள், நடப்பதானால் தரையைப் பார்த்து நடங்கள். பன்றிக்காக மின்வேலி போட்டிருக்கும் நிலங்களும் உண்டு, கம்பி எதையும் தொட வேண்டாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, ஒரு கைத்தடி, சின்ன நோட்டு, பென்சில், செல்போன். உடை மண் நிறத்திலோ பச்சையிலோ இருக்கட்டும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறை ஒன்றுமில்லை. வாங்குவதாக இருந்தால் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். தொலைவில் உள்ள பறவைக்கு என்றே செய்த சில பைனாகுலர்களில் பக்கத்தில் இருக்கும் பூச்சி மங்கலாகத்தான் தெரியும். வலை மட்டும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பல பட்டாம்பூச்சி இனங்கள் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதற்கு நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

பூவைப் பார்க்கும் முறை

ஒரு செடியின் முன்னால் நின்றதும் பெயரைத் தேடாதீர்கள். முதலில் நான்கைந்து விஷயங்களைக் கவனியுங்கள். இதழ்கள் எத்தனை, தனித்தனியாக இருக்கின்றனவா அல்லது அடியில் ஒட்டிக் குழாயாகிவிட்டனவா? இலைகள் எதிரெதிராகவா, மாறி மாறியா? தண்டு உருண்டையா, சதுரமா? ஒடிந்த இடத்தில் பால் வருகிறதா? எப்படிப்பட்ட மண்ணில் நிற்கிறது? இவற்றை நோட்டில் எழுதிவிட்டால், பெயர் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தாலும் பரவாயில்லை.

தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை விரலால் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிர். வெள்ளைப் பூவில் கீழ் உதடு போல ஓர் இதழ் முன்னே நீண்டிருக்கும். பட்டாம்பூச்சியோ தேனீயோ இறங்குவது அந்த உதட்டின்மேல்தான். துளசியின் தண்டையும் உருட்டிப் பாருங்கள், அங்கேயும் அதே நான்கு பட்டை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இப்படி விரலாலேயே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, யாரும் மதிக்காத வெட்டுக்காயப்பூண்டு. நீண்ட காம்பின் உச்சியில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெளிர்நிற இதழ்களுமாக நிற்கும். ஒரு பூவென்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம். நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் தனிப்பூ, ஓரத்து 'இதழ்' ஒவ்வொன்றும் தனிப்பூ. ஓரத்து இதழின் நுனி மூன்றாகப் பிளந்திருப்பதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து பல பூக்களில் தேன் குடிக்க முடிவதால் சிறிய பட்டாம்பூச்சிகளுக்கு இது பிடித்தமான இடம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் வரப்பில் குடியேறிய செடி இது. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் ஒரு மணி நேரம் இதன் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தாலே நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

உண்ணிச்செடியும் வெளியிலிருந்து வந்ததுதான். காடுகளில் மண்டி நாட்டுச் செடிகளை நெருக்குவதால் எனக்கு அதன்மீது அன்பு இல்லை. ஆனாலும் அது ஒன்றைத் தெளிவாகக் காட்டித் தருகிறது. ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் வெளியே இளஞ்சிவப்புமாகப் பூக்கள் இருக்கும். மஞ்சளாக இருப்பவை புதிதாக மலர்ந்தவை, தேன் உள்ளவை. மகரந்தச் சேர்க்கை முடிந்தபின் நிறம் மாறிவிடுகிறது. பட்டாம்பூச்சி தன் உறிஞ்சுகுழலை எந்த நிறப் பூவில் நுழைக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மஞ்சளைத்தான் தேர்ந்தெடுக்கும்.

தரையைப் பார்த்து நடக்கிறவருக்கே கிடைக்கும் பூ ஓரிதழ்தாமரை. சாண் உயரச் செடியில் இளஞ்சிவப்பாக ஒரே ஓர் இதழ் மட்டும் அகன்று விரிந்திருக்கும். மற்ற நான்கும் உண்டு, ஆனால் குறுகிப் போய் ஒளிந்திருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பூளையும் ஆவாரையும் பொங்கல் காப்புக் கட்டுக்கு வீட்டுக்கே வருபவை. அவற்றைச் செடியாகப் பார்த்துப் பழகுங்கள். பிரம்மதண்டு, கண்டங்கத்திரி இரண்டும் முள்ளோடு நின்று தங்களைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும். சங்குப்பூ வேலியில் ஏறியிருக்கும். ஈரப் பள்ளங்களில் முள்ளும் ஊதாப்பூவுமாக நிற்பது நீர்முள்ளி.

வேலியோரம் செங்காந்தள் கிடைத்தால் அன்று வேறெதையும் அவசரமாகப் பார்க்க வேண்டாம். கார்த்திகைப்பூ என்றும், கிழங்கைக் கொண்டு கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். நம் மாநில மலர். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ தலைகீழாகத் தொங்க, நெளிநெளியான ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், அடியில் மஞ்சளோடு நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு என்று ஒரே பூ சில நாட்களில் நிறம் மாறும். ஒரே கொடியில் எல்லா நிறத்திலும் பூக்கள் இருப்பது அதனால்தான். சூல்தண்டு அடியில் செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். கண்ணால் மட்டும் பாருங்கள். இந்தச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு.

எருக்கின் முன்னால் பத்து நிமிடம்

இனி பட்டாம்பூச்சி. எருக்கு இல்லாத ஊர் இல்லை என்பதால் முதல் பாடத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். வெந்தய நிறத்தில் கருப்பு ஓரமும், முன்னிறக்கை நுனியில் வெள்ளைப் பட்டையும் கொண்ட ஒரு பட்டாம்பூச்சி எருக்கைச் சுற்றி மெதுவாக, அவசரமே இல்லாமல் பறந்துகொண்டிருக்கும். அதன் தமிழ்ப் பெயர் வெந்தய வரியன். வழிகாட்டிப் புத்தகங்களில் பிளெயின் டைகர் என்று இருக்கும்.

அது பூவுக்குப் போகாமல் இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் அது பெண், முட்டையிட இடம் பார்க்கிறது. அசையாமல் நில்லுங்கள். இலையின் ஓரத்தைப் பிடித்து, வயிற்றின் நுனியை அடிப்பக்கமாக வளைத்து, ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அது போன பிறகு இலையை ஒடிக்காமல் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒன்று ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாட்களில் பொரிந்துவிடும். புழு பெரிதானதும் கருப்பு, வெள்ளைப் பட்டைகளும் மஞ்சள் புள்ளிகளுமாக, முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்புகளோடு எருக்கிலையை மென்றுகொண்டிருக்கும். இத்தனை பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எருக்கம்பாலில் உள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, அது பூச்சியான பிறகும் தொடர்கிறது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அடுத்தமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விட்டுவிடும். பறப்பதில் இவ்வளவு நிதானம் இருப்பதும் அதனால்தான்.

இறக்கையை விரித்து உட்காரும்போது பின்னிறக்கையைப் பாருங்கள். நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள் இருந்தால் பெண். நான்காவதாக, நடுவில் வெண்மையோடு சற்றுப் பெரிதாக இன்னொன்று இருந்தால் ஆண்.

எருக்கு கைவந்துவிட்டால் அடுத்தது அரளி. கோயில் வளாகத்திலும் சாலை நடுவிலும் அரளிதான் நிற்கிறது. அங்கே வருவது வெண்புள்ளிக் கருப்பன். பழுப்புக் கருமையான இறக்கையின் ஓரங்களில் வெள்ளைப் புள்ளி வரிசை. இதன் புழுவுக்குக் கொம்பு நான்கு ஜோடி. அரளி இலையின் அடியில் தொங்கும் அதன் கூட்டுப்புழுவைப் பார்க்காமல் விடக் கூடாது. பொன்னும் வெள்ளியும் கலந்து தேய்த்த கண்ணாடிபோலப் பளபளக்கும், நம் முகமும் வானமும் அதில் வளைந்து தெரியும். சாயம் எதுவும் கிடையாது, மேல்தோலின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் பளபளப்பு அது.

செடியைச் சொன்னால் பூச்சியைச் சொல்லலாம்

வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருக்கிறதா? எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் அங்கே வரும். இளம் புழு பறவை எச்சம்போல இருக்கும், அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்புபோல ஓர் உறுப்பை வெளியே தள்ளி வாடை வீசும். ஆமணக்கில் காஸ்டர் என்ற செம்பழுப்புப் பட்டாம்பூச்சி. சரக்கொன்றையிலும் தகரையிலும் கொன்னை வெள்ளையன். பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தில், கருப்பில் பச்சைப் பொட்டு வைத்த டெயில்டு ஜே. இது உட்கார்ந்தாலும் இறக்கையை அடித்துக்கொண்டேயிருக்கும், படம் எடுப்பது கடினம். சிறுபூனைக்காலிக் கொடியில் செம்மஞ்சள் நிற டானி கோஸ்டர். மரக்கிளையில் புல்லுருவி இருந்தால் அண்ணாந்து பாருங்கள், மஞ்சளும் சிவப்புமாக ஜெசபெல் உயரத்தில் சுற்றும். நாய்க்கடுகு முளைத்த நிழலான புதரடியில், தரையை ஒட்டி வலுவில்லாமல் மிதந்துபோகும் சிறிய வெள்ளைப் பூச்சி, முன்னிறக்கையில் ஒரு கரும்பொட்டுடன் இருந்தால் அது சைக்கி. நீர்முள்ளியில், இறக்கையில் மயில்கண் வைத்த பீகாக் பேன்சி.

கரிசல் நிலத்தில் நடப்பவர்கள் ஆடுதீண்டாப்பாளையைக் கண்டுபிடியுங்கள். தரையோடு படரும், அவரை விதை வடிவத்தில் இலை, கருஞ்சிவப்பாக ஊதுகுழல் மாதிரிப் பூ. பூவின் குழலுக்குள் நுழையும் சிறு ஈக்கள் உட்புற மயிர்களால் திரும்ப முடியாமல் அடைபட்டு, மகரந்தம் பூசிக்கொண்ட பிறகே வெளியேறும். சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் முட்டையிடுவது இந்தச் செடியிலும் இதன் உறவான பெருமருந்துக் கொடியிலும்தான்.

ஆள்மாறாட்டம்

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிவப்புடல் அழகி நஞ்சுள்ளது, பறவைகள் தொடா. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு இல்லை. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை சிவப்புடல் அழகியைப் போலவும் இன்னொரு வகை ரோஜா அழகியைப் போலவும் வேடம் போட்டுக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகின்றன. கருப்பு இறக்கை, வெள்ளைத் திட்டு, சிவப்புப் பொட்டு எல்லாம் அச்சு அசல். வேடம் கலைவது உடம்பில். உடல் சிவப்பாக இருந்தால் நஞ்சுள்ள அசல், கருப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி. இறக்கையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது பிடிபடாது.

வெந்தய வரியனுக்கும் இப்படி ஒரு போலி உண்டு. டானாயிட் எக்ஃபிளை என்ற இனத்தின் பெண் அதே வெந்தய நிறத்தில் வரும். அதன் ஆணோ முற்றிலும் வேறு: கருப்பு இறக்கையில் ஊதா வளையமிட்ட வெள்ளை வட்டங்கள். எருக்கைச் சீண்டாமல் தரைக்கீரையைச் சுற்றும் 'வெந்தய வரியன்' கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். பின்னிறக்கையின் கரும்புள்ளிகளை எண்ணுங்கள். ஒன்றுதான் இருந்தால் அது எக்ஃபிளை. இங்கேயும் செடிதான் காட்டிக்கொடுக்கிறது.

பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். தீக்குச்சித் தலைபோலத் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி, சீப்புப் பல்லாகவோ நுனி கூர்ந்தோ இருந்தால் பெரும்பாலும் அந்து.

குனிந்தால் தெரிபவை

நீலன்கள் என்ற, கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் சின்னப் பட்டாம்பூச்சிகளைப் புதியவர்கள் பூச்சியென்றே எண்ணாமல் தாண்டிப் போகிறார்கள். வெட்டுக்காயப்பூண்டின் பக்கத்தில் உட்காரச் சொன்னது இவற்றுக்காகத்தான். உட்கார்ந்ததும் சில இனங்கள் பின்னிறக்கைகளை மேலும் கீழுமாகத் தேய்க்கும். அந்த இறக்கையின் கடைசியில் ஒரு கண்பொட்டும் நூல்போன்ற வாலும் இருக்கும். தேய்க்கத் தேய்க்க வால் உணர்கொம்புபோல ஆடும், பின்பக்கமே தலை என்று தோன்றும். ஓணானோ பறவையோ அங்கே கவ்வினால் ஒரு துணுக்கு இறக்கையோடு பூச்சி தப்பிவிடும். பின்னோரம் பிய்ந்துபோன நீலனைக் கண்டால் அந்தத் தந்திரம் ஒருமுறை பலித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கொடிவேலிச் செடி இருந்தால் அங்கே ஸீப்ரா புளூ வருகிறதா என்று பாருங்கள், அடிப்பக்கம் வரிக்குதிரை வரிதான்.

ஓடை மணலில் ஈரம் கசியும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். பத்திருபது பட்டாம்பூச்சிகள் சேர்ந்து மண்ணை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள், தேனில் கிடைக்காத உப்பை ஈர மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அப்போது அவற்றின் கவனம் முழுவதும் மண்ணில் இருப்பதால் மண்டியிட்டு மெல்ல நகர்ந்தால் ஒரு முழத் தூரம் வரை போகலாம்.

இன்னொன்று, காய்ந்துபோன தேள்கொடுக்குச் செடியும் கிலுகிலுப்பைச் செடியும். பூவே இல்லாத காய்ந்த செடியில் புளூ டைகரும் வெண்புள்ளிக் கருப்பனும் கொத்தாக மொய்ப்பதைப் பார்க்க நேரிட்டால் திகைக்க வேண்டாம். அந்தச் செடிகளில் உள்ள ஆல்கலாய்டு என்ற ஒருவகை வேதிப்பொருளைக் கால்நகத்தால் கீறி உறிஞ்சுகின்றன. ஆண்கள் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிப்பது அதிலிருந்துதான். பருவமழைகளை ஒட்டிச் சமவெளிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் இனங்கள் இவை. ஒரே திசையில் வரிசையாகப் பறந்துகொண்டேயிருந்தால் தேதி, நேரம், திசை, ஐந்து நிமிடத்தில் கடந்தவை எத்தனை என்று குறித்துவிடுங்கள்.

கிட்டப் போவதும் படம் எடுப்பதும்

உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது, நிழல் பட்டால் உடனே பறந்துவிடும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள். நின்றபடி குனிவதைவிடத் தூரத்திலேயே உட்கார்ந்து மெல்ல நகர்வது பலன் தரும். தொலைவில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு ஓரடி, மறுபடி ஒரு படம். மூடிய இறக்கையின் அடிப்பக்கம், விரித்த மேல்பக்கம் இரண்டும் இருந்தால்தான் பல இனங்களைப் பிரித்தறிய முடியும்.

செடியைப் படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துவந்து பெயர் கேட்பவர்கள் அதிகம். பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, இலையின் இரு பக்கங்கள், தண்டு, முழுச்செடி என்று எல்லாம் வேண்டும். காய் இருந்தால் அதையும் எடுங்கள்.

தொடக் கூடாதவை

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. செடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். ஊமத்தை, அரளி, செங்காந்தள் மூன்றும் உயிருக்கே ஆபத்தானவை. குழந்தைகளோடு போனால் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். காஞ்சொறி பட்டால் எரியும். பூனைக்காலிக் காயின் பொன்னிறச் சுணை பட்டால் அரிப்பு தாங்காது. பார்த்தீனியம் மண்டிய இடத்தில் ஒவ்வாமை உள்ளவர்கள் நிற்க வேண்டாம். பட்டாம்பூச்சியின் இறக்கையில் விரல் பட்டால் உதிரும் தூள் அதன் செதில்கள், அவை மறுபடி முளைக்காது. பூவையும் பறிக்காதீர்கள், நாளைக்கு அங்கே வரும் பூச்சிக்கு அது வேண்டும்.

எழுதிவைப்பது

தேதி, நேரம், இடம், வெயிலா மேகமூட்டமா, எந்தச் செடியில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவைதான் முதன்மை. 'கொன்னை வெள்ளையன் ஒன்று' என்பதைவிட 'கொன்னை வெள்ளையன், தகரைத் தளிரில் முட்டையிட்டது' என்ற வரி எவ்வளவோ பயனுள்ளது.

பெயர் தெரியாதவற்றை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தோடு பதிவேற்றினால் தெரிந்தவர்கள் திருத்திச் சொல்வார்கள். செயலி உடனே காட்டும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள், மேலே சொன்ன ஆள்மாறாட்டக்காரர்கள் அதையும் ஏமாற்றக்கூடும். ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தியா முழுவதும் பிக் பட்டர்ஃபிளை மந்த் என்ற பெயரில் ஆர்வலர்கள் சேர்ந்து கணக்கெடுக்கிறார்கள். அதில் பங்கெடுக்க அனுபவம் தேவையில்லை, உங்கள் ஊர் வரப்பில் பார்த்ததை அனுப்பினாலே போதும். பருவம் தவறிப்போய் உடனே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால், திருச்சி ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வனத்துறை அமைத்து 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகலாம். உணவுச் செடிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்துப் பழக நல்ல இடம்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் உங்கள் பாதையில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். அதில் ஆடுதீண்டாப்பாளையும் நீர்முள்ளியும் கொடிவேலியும் இருக்கும் இடங்களை அந்தந்த நிலத்துக்காரரிடமும் ஊராட்சியிலும் காட்டுங்கள். களைக்கொல்லி அடிப்பதாகவோ கரையைச் செதுக்குவதாகவோ இருந்தால் அந்த நாலடியை மட்டும் தை முடியும்வரை விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். முட்டையோ புழுவோ இருக்கும் இலையைக் கையோடு காட்டிக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.